அனுமதிப் பட்டியலும் பஞ்சு மிட்டாயும்: உணவு வண்ணச் சட்டங்களின் எல்லை

உணவில் சேர்க்கப்படும் செயற்கை வண்ணத்தைச் சட்டம் இரண்டு வழிகளில் கட்டுப்படுத்த முடியும். தீங்கானவை என்று தெரியவந்த வண்ணங்களை மட்டும் பெயர் சொல்லி விலக்கிவிட்டு மற்றவற்றைப் பயன்படுத்துவோரின் விருப்பத்துக்கு விடுவது ஒரு வழி. இதைத் தடைப் பட்டியல் எனலாம். பாதுகாப்பானவை என்று சான்றுகளால் நிறுவப்பட்ட சில வண்ணங்களை மட்டும் பெயர் சொல்லி ஏற்றுக்கொண்டு, பெயர் சொல்லப்படாத அனைத்தையும் ஒருசேர விலக்குவது மற்றொரு வழி. இது அனுமதிப் பட்டியல். முதல் முறையில் ஒரு சாயம் நஞ்சு என்பதை அரசு மெய்ப்பிக்க வேண்டும், அதுவரை மக்கள் அதை உண்டுகொண்டிருப்பார்கள். இரண்டாம் முறையில் அது நஞ்சல்ல என்பதை அதை விற்க விரும்புவோர் மெய்ப்பிக்க வேண்டும், அதுவரை அது சமையலறைக்குள் நுழையக் கூடாது. இந்தியா உட்படப் பெரும்பாலான நாடுகள் இன்று இரண்டாம் முறையையே பின்பற்றுகின்றன. ஆயினும் அனுமதிப் பட்டியல் ஒன்று சட்டப் புத்தகத்தில் இருப்பதும், அந்தப் பட்டியல் ஒரு குழந்தையின் கையிலுள்ள தின்பண்டம்வரை சென்று சேர்வதும் வெவ்வேறு செயல்கள். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவை 2024இல் புதுச்சேரி, தமிழ்நாடு, கர்நாடகம் ஆகிய மூன்று இடங்களிலும் நடந்தவை தெளிவாகக் காட்டின.

உணவுக்கு நிறமேற்றும் வழக்கம் வேதியியல் தொழிற்சாலைகளுக்கு முந்தையது. அதனால் விளைந்த கேடும் அவ்வாறே. 1820இல் லண்டனில் உணவுக் கலப்படம் குறித்து நூல் வெளியிட்ட ஜெர்மானிய வேதியியலாளர் ஃபிரெடெரிக் ஆக்கம், குழந்தைகளுக்கான மிட்டாய்களில் ஈயம், செம்பு ஆகியவற்றின் உப்புகள் நிறத்துக்காகச் சேர்க்கப்படுவதைப் பட்டியலிட்டுக் காட்டினார். ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்குப் பின் வில்லியம் ஓஷாக்னெசி என்ற இளம் மருத்துவர் லண்டன் கடைகளின் வண்ண மிட்டாய்களைச் சோதித்து, செவ்வீயமும் பாதரசச் சேர்மமான சிந்தூரமும் அவற்றில் இருப்பதை லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். பின்னாளில் கல்கத்தாவுக்கு வந்து இந்தியாவின் தந்திக் கம்பித் தொடர்புக்கு அடித்தளமிட்டவரும் இவரே. அக்காலத்து நிறமிகள் கனிமங்கள் என்பதால், அவற்றின் நஞ்சு விரைவில் வெளிப்பட்டது. வயிற்றுவலியும் வாந்தியும் மரணமும் காரணத்தைத் தாமே சுட்டின.

1856இல் பதினெட்டு வயதான வில்லியம் பெர்கின், கொய்னா மருந்தைச் செயற்கையாக ஆக்க முயன்றபோது நிலக்கரித் தாரிலிருந்து ஊதாச் சாயம் ஒன்றைக் கண்டடைந்தார். அதன்பின் சில பத்தாண்டுகளுக்குள் நூற்றுக்கணக்கான தார்ச் சாயங்கள் துணி ஆலைகளுக்காக உருவாயின. அவை மலிவானவை, ஒளியில் எளிதில் மங்காதவை, மிகச் சிறிய அளவிலேயே மிகுந்த நிறம் தருபவை. துணிக்கு ஏற்ற இப்பண்புகள் வெண்ணெய்க்கும் மிட்டாய்க்கும் ஏற்றவையாக இருந்ததால், எவ்விதச் சோதனையும் இன்றி அவை உணவுக்குள் புகுந்தன. கனிம நிறமிகளைப் போல இவை உடனடியாகக் கொல்லவில்லை என்பதே இவற்றைக் கட்டுப்படுத்துவதைக் கடினமாக்கியது. பல ஆண்டுகள் சிறு அளவில் உடலில் சேரும் ஒரு பொருளின் விளைவை நோயாளியும் அறிய மாட்டார், மருத்துவரும் எளிதில் அறிய மாட்டார். வெண்ணெய் மஞ்சள் என்று வழங்கிய சாயம் எலிகளின் கல்லீரலில் புற்றுநோயை உண்டாக்கும் என்பது 1930களில் ஜப்பானில் நடந்த சோதனைகளால்தான் உலகுக்குத் தெரியவந்தது.

அனுமதிப் பட்டியல் என்ற கருத்துக்கு முதல் தெளிவான வடிவம் தந்தவர், அமெரிக்க வேளாண் துறைக்காகப் பணியாற்றிய வேதியியலாளர் பெர்னார்ட் ஹெஸ்ஸே. 1906ஆம் ஆண்டின் தூய உணவு மற்றும் மருந்துச் சட்டம் நிறைவேறியபின், உணவுக்கென்று சந்தையில் விற்கப்பட்ட ஏறத்தாழ எண்பது தார்ச் சாயங்களை அவர் ஆராய்ந்தார். அவற்றில் முப்பது அளவிலான சாயங்கள் எந்தச் சோதனைக்கும் ஒருபோதும் உட்படுத்தப்படாதவை என்பதைக் கண்டார். 1907இல் அமெரிக்க அரசு ஏழு சாயங்களை மட்டும் ஏற்கத்தக்கவையாக அறிவித்தது. பிரிட்டன் அவ்வளவு விரைவாக நகரவில்லை. அங்கு 1925இல் வந்த விதிகள் சில கனிம நிறமிகளையும் சில தார்ச் சாயங்களையும் மட்டும் விலக்கின. 1957இல்தான் அந்நாடு அனுமதிப் பட்டியலுக்கு மாறியது. சுதந்திர இந்தியாவின் உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டம் 1954இல் இயற்றப்பட்டு, அதன் விதிகள் 1955இல் வந்தன. உணவில் சேர்க்கத்தக்க தார்ச் சாயங்களைப் பெயர் சொல்லி வரையறுக்கும் முறையையே அவை கொண்டன. சட்டத்தின் கட்டமைப்பைப் பொறுத்தமட்டில் இந்தியா பின்தங்கி நின்றது என்று சொல்வதற்கு இடமில்லை.

அந்தப் பட்டியல் காலப்போக்கில் சுருங்கி எட்டுச் செயற்கை வண்ணங்களில் நிலைத்தது. சிவப்புக்குப் பான்சோ 4ஆர், கார்மோய்சின், எரித்ரோசின். மஞ்சளுக்கு டார்ட்ரசின், சன்செட் யெல்லோ. நீலத்துக்கு இண்டிகோ கார்மைன், பிரில்லியன்ட் புளூ. பச்சைக்கு ஃபாஸ்ட் கிரீன். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம் பழைய சட்டத்தின் இடத்துக்கு வந்து, அதன் ஒழுங்குமுறைகள் 2011 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தபோதும் இந்த எட்டும் தொடர்ந்தன. சட்டத்தின் 19ஆம் பிரிவு, ஒழுங்குமுறைகளுக்கு இணங்காத எந்தச் சேர்பொருளும் உணவில் இருக்கக் கூடாது என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறது. அனுமதிப் பட்டியலின் முழு வலிமையும் அந்த வாக்கியத்தில் அடங்கியுள்ளது.

பொதுமக்களும் பல உணவகத்தாரும் அறியாத ஒரு செய்தி இதற்குள் உண்டு. அனுமதிக்கப்பட்ட வண்ணம் என்பது எல்லா உணவுக்கும் அனுமதிக்கப்பட்ட வண்ணம் அன்று. ஐஸ்கிரீம், பிஸ்கட், கேக், மிட்டாய், இனிப்பு வகைகள், பழப்பாகு, செயற்கைக் குளிர்பானம், கஸ்டர்டு பவுடர், ஜெல்லி எனப் பெயர் குறிக்கப்பட்ட உணவுகளில் மட்டுமே, குறிக்கப்பட்ட அளவுக்குள் அதைச் சேர்க்கலாம். பிரியாணியிலோ சிக்கன் 65இலோ தந்தூரிக் கோழியிலோ சேர்க்க இடமில்லை. மிளகாய்ப் பொடியிலும் மஞ்சள் தூளிலும் பருப்பிலும் புற வண்ணம் எதுவும் இருக்கவே கூடாது. கார வகைகளில் தால்மோட் போன்ற பெயர் சொல்லப்பட்ட சில வட இந்தியத் தின்பண்டங்களுக்கு மட்டுமே பழைய விதிகள் இடமளித்தன. ஆனால் தமிழ்நாட்டின் மளிகைக் கடைகளில் கேசரிப் பவுடர் என்ற பெயரில் விற்கப்படும் பொடி, பெரும்பாலும் மேற்சொன்ன மஞ்சள், செம்மஞ்சள் சாயங்களின் கலவையே. அதை வாங்கிச் செல்பவர் கேசரியில் சேர்த்தால் அது சட்டத்தின் எல்லைக்குள் இருக்கக்கூடும். அதே சிட்டிகையை உணவகத்துச் சமையல்காரர் கோழி இறைச்சியின் மசாலாவில் சேர்த்தால் அது குற்றம். பொட்டலத்தில் அச்சிடப்பட்டிருக்கும் அனுமதி என்ற சொல் இந்த வேறுபாட்டை அவருக்குச் சொல்வதில்லை.

நிறத்தைச் சட்டம் இருவேறு காரணங்களுக்காகக் கட்டுப்படுத்துகிறது என்பதையும் இங்கே கருத வேண்டும். பாதுகாப்பற்ற உணவு எது என்று வரையறுக்கும் 3ஆம் பிரிவு, அனுமதியில்லாத வண்ணப் பொருள் இருப்பதை ஒரு காரணமாகவும், உள்ளதைவிட மேலானதாகத் தோன்றச் செய்யும்படி வண்ணமேற்றுவதை மற்றொரு காரணமாகவும் சொல்கிறது. முன்னது உடலுக்குச் செய்யும் கேடு. பின்னது வாங்குபவரை ஏமாற்றுதல். பழைய பருப்பைப் புதிதாகக் காட்டச் சேர்க்கும் மெட்டானில் மஞ்சள் என்ற சாயம் இரண்டு குற்றங்களையும் ஒருங்கே செய்கிறது. பஞ்சு மிட்டாயின் இளஞ்சிவப்பு எதையும் மறைப்பதில்லை. அது சர்க்கரை என்பதை வாங்கித் தரும் பெற்றோரும் அறிவர். அங்கே கேள்வி நஞ்சைப் பற்றியது மட்டுமே.

2024 பிப்ரவரியில் புதுச்சேரியில் விற்கப்பட்ட பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி என்ற சாயம் இருப்பது கண்டறியப்பட்டு அங்கு விற்பனை தடைசெய்யப்பட்டது. அடுத்த சில நாட்களில் சென்னையில் எடுக்கப்பட்ட மாதிரிகளிலும் அதே சாயம் இருப்பதைக் கிண்டியிலுள்ள அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் உறுதிசெய்ய, பிப்ரவரி 17 அன்று தமிழ்நாடும் தடையை அறிவித்தது. மார்ச் மாதம் கர்நாடகம் நிறமேற்றிய பஞ்சு மிட்டாய்க்குத் தடை விதித்ததுடன், கோபி மஞ்சூரியனில் செயற்கை வண்ணம் சேர்ப்பதையும் தடைசெய்தது. ரோடமின்-பி 1880களில் ஜெர்மனியில் உருவாக்கப்பட்ட சாயம். துணி, காகிதம், தோல், மை ஆகியவற்றுக்கும், நீரோட்டத்தின் போக்கைத் தடம் காண்பதற்கும் ஆய்வகப் பணிகளுக்கும் அது பயன்படுகிறது. ஒளியை உள்வாங்கி மீண்டும் உமிழும் இயல்புடையதால், அதன் இளஞ்சிவப்பில் ஒரு மினுக்கம் உண்டு. பட்டியலிலுள்ள சிவப்பு வண்ணங்கள் எதுவும் அந்த மினுக்கத்தைத் தருவதில்லை. மிகக் குறைந்த செலவில் மிகக் கூடுதலான கவர்ச்சி கிடைப்பதே அது தின்பண்டத்துக்குள் வந்ததன் காரணம்.

தடை அறிவிப்பின்போது இச்சாயம் புற்றுநோயை உண்டாக்கும் என்பது ஐயத்துக்கு இடமற்ற உண்மையாகப் பரவலாகப் பேசப்பட்டது. அறிவியல் நிலை இதைவிடச் சற்று நுட்பமானது. தோலுக்கடியில் ஊசிவழி இச்சாயம் செலுத்தப்பட்ட எலிகளில் ஊசியிட்ட இடத்தில் கட்டிகள் தோன்றியது பதிவாகியுள்ளது; ஆனால் மனிதர்களைப் பற்றிய போதிய சான்று இல்லாமையால், பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை வகைப்படுத்த இயலாதவை அடங்கிய மூன்றாம் தொகுதியில் வைத்திருக்கிறது. இதைச் சொல்வது அச்சாயத்துக்கு வக்காலத்து வாங்குவதாகாது. மாறாக, அனுமதிப் பட்டியலின் பெருமை இங்கேதான் விளங்குகிறது. ஒரு சாயம் புற்றுநோய் தரும் என்று நீதிமன்றத்தில் நிறுவ வேண்டிய தேவை உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு இல்லை. அது பட்டியலில் இல்லை என்பதே போதும். உண்பதற்கென்று ஒருபோதும் தூய்மைப்படுத்தப்படாத, உண்பவருக்கு என்ன செய்யும் என்று முழுமையாக ஆராயப்படாத ஒரு பொருளைக் குழந்தைகள்மீது சோதித்துப் பார்க்கக் கூடாது என்பதே சட்டத்தின் நிலைப்பாடு. மிகைப்படுத்திய கூற்றுகள் இந்த நிலைப்பாட்டுக்குத் தேவையற்றவை. நாளை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அவற்றை மறுக்கும்போது சட்டமே தோற்றதுபோன்ற தோற்றத்தையும் அவை தந்துவிடும்.

சட்டம் யாரைச் சென்று பிடித்தது என்பதில்தான் குறை தெரிகிறது. 30ஆம் பிரிவின்படி மாநில உணவுப் பாதுகாப்பு ஆணையர், பொதுநலன் கருதி ஓர் உணவின் தயாரிப்பையும் விற்பனையையும் ஓராண்டுவரை தடைசெய்யலாம். 47ஆம் பிரிவின்படி அலுவலர் மாதிரி எடுத்து நான்கு பாகங்களாகப் பிரித்து அனுப்ப, பகுப்பாய்வாளர் 14 நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். பாதுகாப்பற்ற உணவை விற்றதால் எவருக்கும் உடற்கேடு நேராதபோதும் 59ஆம் பிரிவு சிறைத் தண்டனை விதிக்கிறது. முதலில் ஆறு மாதமாக இருந்த அந்த உச்ச அளவை 2023ஆம் ஆண்டின் ஜன் விஸ்வாஸ் திருத்தச் சட்டம் மூன்று மாதமாகக் குறைத்து, அபராத உச்சத்தை ஒரு லட்சத்திலிருந்து மூன்று லட்சம் ரூபாயாக உயர்த்தியது. மரணம் நேர்ந்தால் தண்டனை ஏழாண்டுக்குக் குறையாது, ஆயுள்வரை செல்லலாம். இவ்வளவு வலிமையும் வந்து இறங்கிய இடம், கடற்கரையிலும் திருவிழாக்களிலும் கழியில் பொட்டலங்களைக் கட்டி எடுத்து நடந்து விற்கும் மனிதர்கள். அவர்களில் பலர் வட மாநிலங்களிலிருந்து பிழைப்புக்காக வந்த இளைஞர்கள். தாம் வாங்கிய இளஞ்சிவப்புப் பொடி துணிச்சாயமா உணவு வண்ணமா என்று கண்டறியும் கருவியும் அவர்களிடம் இல்லை, அதைச் சொல்லும் அச்சிட்ட உறையும் இல்லை.

அந்தப் பொடியை அவர்களுக்கு விற்றவர் சட்டத்தின் பார்வையில் பெரும்பாலும் குற்றவாளியே அல்லர். ரோடமின்-பி தொழிற்சாலைச் சாயமாக விற்கப்படுவது முற்றிலும் சட்டப்படியானது. உணவுச் சட்டம் உணவைத்தான் ஆள்கிறது, சாயக் கடையை ஆள்வதில்லை. உணவு வண்ணங்களுக்கு நெடுங்காலம் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை கட்டாயமாக இருந்தது என்றாலும், உணவு வண்ணம் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் பொட்டலத்தைத்தான் அந்தக் கட்டாயம் தொட்டது. எதுவும் சொல்லாமல் தாளில் மடித்துத் தரப்படும் பொடியை அது தொடவில்லை. சில்லறையாக விற்கப்படும் தொழிற்சாலைச் சாயங்களின் சிறு பொட்டலங்களில் உணவுக்கு உரியதல்ல என்று அந்தந்த மொழியில் அச்சிடுவதையும், வாங்குவோரின் பதிவேடு ஒன்றை வைப்பதையும் கட்டாயமாக்கினால், பஞ்சு மிட்டாய்த் தடையைவிடப் பெரிய பயன் விளையும் என்று கருத இடமுண்டு.

மூலத்தில் கண்காணிப்பது இயலாத செயல் அல்ல என்பதற்கு இந்திய மிளகாய் ஏற்றுமதியே சான்று. 2003இல் இந்தியாவிலிருந்து சென்ற மிளகாய்ப் பொருட்களில் சூடான்-1 என்ற தொழிற்சாலைச் சாயம் இருப்பதை ஃபிரான்ஸ் கண்டறிந்ததும், சோதனைச் சான்றிதழ் இல்லாத மிளகாய்ப் பொடி தன் எல்லைக்குள் வரக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் விதித்தது. உடனே இந்திய நறுமணப் பொருள் வாரியம் ஏற்றுமதியாகும் மிளகாய்ச் சரக்குகளுக்குச் சோதனையைக் கட்டாயமாக்கியது. 2005இல் பிரிட்டனில் கலப்பட மிளகாய்ப் பொடி சேர்ந்த ஒரு சாஸ் வகையால் நானூறுக்கும் மேற்பட்ட உணவுப் பொருட்கள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. வெளிநாட்டு நுகர்வோருக்காக ஒவ்வொரு சரக்கையும் சோதிக்க முடிந்த நாட்டில், உள்ளூர்ச் சந்தைக்கு மட்டும் அது இயலாது என்பதை ஏற்பது கடினம்.

பட்டியலில் உள்ள வண்ணங்களும் கேள்விக்கு அப்பாற்பட்டவை அல்ல. 2024 ஜூனில் கர்நாடகம் கோழி, மீன் கபாப்களில் செயற்கை வண்ணத்தைத் தடைசெய்தபோது, மாதிரிகளில் காணப்பட்டவை சன்செட் யெல்லோவும் கார்மோய்சினும். இரண்டுமே அனுமதி பெற்றவை, தவறான உணவில் சேர்ந்தவை. சரியான உணவிலும் அளவு மீறப்படுகிறது. லக்னோவிலுள்ள இந்திய நச்சியல் ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளாக நடத்திய கள ஆய்வுகள், அனுமதி பெற்ற வண்ணங்கள் வரம்புக்கு மேல் சேர்க்கப்படுவதைத் திரும்பத் திரும்பப் பதிவுசெய்துள்ளன. பொதுவான உச்சவரம்பு ஒரு கிலோ உணவுக்கு 100 மில்லிகிராம், அதாவது பத்து லட்சத்தில் நூறு பங்கு. ஐந்து கிலோ இனிப்புக்குச் சேர்க்கத்தக்கது அரை கிராம் மட்டுமே. கையால் அள்ளிப் போடும் அடுப்படியில் அரை கிராமை அளக்கும் தராசு எங்கே இருக்கும்?

அந்த வரம்பின் அமைப்பிலேயே ஒரு குறை இருக்கிறது. ஒருவர் வாழ்நாள் முழுவதும் நாள்தோறும் உட்கொண்டாலும் கேடு விளையாது என்று மதிப்பிடப்படும் அளவை, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் இத்தனை மில்லிகிராம் என்று உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் கூட்டாக அமைத்த வல்லுநர் குழு வகுக்கிறது. இதை ஏற்கத்தக்க அன்றாட அளவு என்பர். டார்ட்ரசினுக்கு அந்த அளவு 10 மில்லிகிராம், எரித்ரோசினுக்கு வெறும் 0.1. பதினைந்து கிலோ எடையுள்ள ஒரு குழந்தையைக் கணக்கில் கொண்டால், டார்ட்ரசின் ஒரு நாளைக்கு 150 மில்லிகிராம்வரை செல்லலாம். பொது வரம்பின்படி நிறமேற்றிய உணவில் ஒன்றரைக் கிலோவை அக்குழந்தை தின்றால்தான் அந்த அளவு நிறையும். எரித்ரோசினில் அதே குழந்தையின் எல்லை ஒன்றரை மில்லிகிராம். அதே பொது வரம்புக்கு உட்பட்டு நிறமேற்றிய தின்பண்டத்தில் பதினைந்து கிராம் போதும், அதாவது சில மிட்டாய்கள். நூறு மடங்கு வேறுபடும் இரண்டு பொருட்களை ஒரே உச்சவரம்புக்குள் வைப்பது நிருவாகத்துக்கு எளிது; குழந்தையின் உடலுக்கு அது பொருந்துவதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் எரித்ரோசினைப் பதப்படுத்திய செர்ரிப் பழங்களுக்கு மட்டுமே அனுமதித்திருப்பதன் பின்னணி இதுவே.

ஐரோப்பா கையாண்ட மற்றொரு கருவி தனிக் கவனத்துக்குரியது. 2007இல் பிரிட்டனின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மூன்று வயதுக் குழந்தைகளையும் எட்டு, ஒன்பது வயதுக் குழந்தைகளையும் கொண்டு நடத்திய ஆய்வை லான்செட் இதழில் வெளியிட்டனர். ஆறு செயற்கை வண்ணங்களின் கலவைகளும் சோடியம் பென்சோயேட் என்ற பதப்பொருளும் சேர்ந்த பானத்தைக் குடித்தபோது, குழந்தைகளின் மிகைச் சுறுசுறுப்பு சராசரியாகச் சற்றுக் கூடியது என்பது அதன் முடிவு. டார்ட்ரசின், சன்செட் யெல்லோ, கார்மோய்சின், பான்சோ 4ஆர் என்ற நான்கும் அந்த ஆறில் அடங்கும். நான்குமே இந்தியப் பட்டியலில் உள்ளவை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இந்த ஆய்வைப் பரிசீலித்து, விளைவு சிறியது, குழந்தைக்குக் குழந்தை மாறுபடுவது, எந்த வண்ணம் காரணம் என்று பிரித்தறிய இயலாதது என்று சொல்லி, அன்றாட அளவை இதன் அடிப்படையில் மாற்ற மறுத்தது. ஆயினும் சட்டமியற்றியோர் காத்திருக்கவில்லை. இந்த ஆறு வண்ணங்களில் எது சேர்ந்தாலும், குழந்தைகளின் செயல்பாட்டையும் கவனத்தையும் பாதிக்கக்கூடும் என்ற எச்சரிக்கையை உறையில் அச்சிட வேண்டும் என்று 2010 ஜூலை முதல் விதித்தனர். எந்த வண்ணமும் தடைசெய்யப்படவில்லை; ஆனால் அந்த வாக்கியத்தைத் தம் மிட்டாய் உறையில் அச்சிட விரும்பாத பல நிறுவனங்கள் பீட்ரூட், மஞ்சள் போன்றவற்றிலிருந்து எடுக்கும் வண்ணங்களுக்கு மாறின. இந்தியாவில் அதே வண்ணங்கள் சேர்ந்த பொட்டலத்தில், அனுமதிக்கப்பட்ட செயற்கை உணவு வண்ணம் கொண்டது என்ற வாக்கியம் அச்சிடப்படுகிறது. படிப்பவருக்கு அது எச்சரிக்கையாக அன்றி நற்சான்றாகவே ஒலிக்கிறது.

அமெரிக்காவின் வரலாறு, அனுமதிப் பட்டியலில் ஒருமுறை இடம்பெற்ற பொருளை வெளியேற்றுவது எவ்வளவு கடினம் என்பதைக் காட்டுகிறது. மனிதரிலோ விலங்கிலோ புற்றுநோயை உண்டாக்கும் எந்த வண்ணத்துக்கும் அனுமதி கிடையாது என்று 1960ஆம் ஆண்டுத் திருத்தம் அறுதியிட்டுச் சொல்கிறது. நியூயார்க்கைச் சேர்ந்த அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் ஜேம்ஸ் டிலேனியின் பெயரால் அது அறியப்படுகிறது. எரித்ரோசின் ஆண் எலிகளுக்குத் தைராய்டுக் கட்டிகளை உண்டாக்கியதால், 1990இல் உதட்டுச் சாயம் போன்ற அழகுப் பொருட்களில் அது தடைசெய்யப்பட்டது. உணவில் அதே சாயத்துக்கு அனுமதி நீடித்தது. 2025 ஜனவரியில் உணவுக்கான அனுமதியும் நீக்கப்பட்டபோதுதான் அந்த முரண் தீர்ந்தது. உணவுத் தயாரிப்பாளர்களுக்கு 2027 ஜனவரிவரை அவகாசம் தரப்பட்டது. எலியில் நிகழும் வினை மனித உடலில் நிகழ்வதாகத் தெரியவில்லை என்று அமெரிக்காவின் உணவுக் கட்டுப்பாட்டு முகமையே சொல்லியிருக்கிறது. ஆயினும் சட்டத்தின் சொற்கள் விலக்குக்கு இடம் தரவில்லை. இதற்கு முன்பே 2023 அக்டோபரில் கலிஃபோர்னியா மாநிலம் தனிச் சட்டம் இயற்றி அதைத் தடைசெய்திருந்தது.

இந்தியாவில் இத்தகைய மாற்றத்துக்கு நாடாளுமன்றம் புதிய சட்டம் இயற்ற வேண்டிய தேவை இல்லை. சேர்பொருட்களின் உச்சவரம்பை வகுக்கும் பொறுப்பை 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்திடமே தந்திருக்கிறது; மத்திய அரசின் முன் ஒப்புதலோடு ஒழுங்குமுறைகளைத் திருத்தும் அதிகாரத்தை 92ஆம் பிரிவு அளிக்கிறது. எரித்ரோசினைப் பட்டியலிலிருந்து நீக்குவது, ஒவ்வொரு வண்ணத்துக்கும் அதன் அன்றாட அளவுக்கு ஏற்பத் தனி வரம்பு வைப்பது, குழந்தைகளுக்கான தின்பண்டங்களின் உறையில் எச்சரிக்கை வாக்கியத்தைச் சேர்ப்பது ஆகிய மூன்றையும் அறிவிக்கைகளின் வழியே செய்துவிட முடியும். தாளில் மடித்து விற்கப்படும் சாயப் பொடியை மட்டும் உணவு ஆணையத்தால் தனித்து அணுக இயலாது. தொழிற்சாலைச் சாயங்களின் சில்லறை விற்பனையை ஒழுங்குசெய்ய, வேதிப் பொருட்களுக்குப் பொறுப்பான துறையும் மாநில அரசுகளும் அதனோடு சேர வேண்டும்.